கடல்மட்டத்தில் ஒரு பெரிய ஜீப்



நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் கொழும்புத்துறை வீதியிலும் பெரிய ஜீப்புகளின் நடமாட்டம் கூடிவிடும். பிராடோ, மொன்டேரோ, இடைக்கிடை ஒரு லாண்ட் குரூசர், எப்போதாவது ஒரு றேஞ்ச் றோவர். உயரமான வாகனம் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அது ஜீப்தான். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். இந்த ஜீப்புகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். டர்போ உள்ளது நல்லதா, இல்லாதது நல்லதா? உலகத்துக்கெல்லாம் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. ஆனால் எங்கள் காற்றையும் தெருவையும் எண்ணெயையும் வைத்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்துக்கு ஒரு விடை சொல்லலாம்.

முதலில் காற்று. ஒரு லீற்றர் பெற்றோல் சரியாக எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுக்குத்தான் எண்ணெய் எரியும், அவ்வளவுதான் வலு. டர்போ இல்லாத இஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தாலேயே சிலிண்டருக்குள் நுழைகிறது. அதற்கு மேல் வலு வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும், அல்லது எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பழைய ஆடம்பர ஜீப்புகளுக்கு எட்டுச் சிலிண்டர் வந்தது அப்படித்தான்.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி வேறு வழி கண்டார். எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாகப் போகிறது. அந்தச் சூடான புகையைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள இன்னொரு சில்லால் புதுக்காற்றை நெருக்கி உள்ளே தள்ளலாம் என்று 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். கொல்லன் உலையில் துருத்தி செய்கிற வேலைதான் இந்த டர்போவுக்கு. மிதிப்பதற்கு ஆள் தேவையில்லை, இஞ்சினின் புகையே மிதிக்கிறது. அவருடைய முறை முதலில் வெற்றி கண்டது கப்பல்களில். 1920களில் ஜேர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களுடைய டீசல் இஞ்சின்கள் 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500 குதிரைவலுவுக்கு உயர்ந்தன. கார்களுக்கு டர்போ வர 1962 ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல், ஷெவர்லே நிறுவனங்கள் அந்த ஆண்டில் அதைக் கொண்டுவந்தன. டீசல் காருக்கு 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் பொருத்தியது.

இனி எங்கள் இடத்துக்கு வருவோம். கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்றால் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கிறோம், அவ்வளவுதான். காற்று அதன் முழு அடர்த்தியோடு கிடைக்கும் இடம் இது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இஞ்சின் அந்த அளவுக்கு வலுவை இழக்கும். டர்போ அந்தக் குறையை நிரப்பிவிடும். மலையேறுகிறவர்களுக்கு அது பெரிய வரம். எங்களுக்கு ஏறுவதற்கு மலை கிடையாது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல் சமதரை.

சமதரையில் எவ்வளவு வலு தேவை? நகரத்துக்கு வெளியே எங்கள் வீதிகளில் வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். இரண்டரைத் தொன் நிறையுள்ள ஒரு ஜீப் அந்த வேகத்தில் சீராக ஓடுவதற்கு, காற்றுத் தடையையும் ரயர் உராய்வையும் கணக்கில் எடுத்தாலும், 20 குதிரைவலு போதும். 2021 ஜூனில் வெளிவந்த லாண்ட் குரூசர் 300இன் பெற்றோல் இஞ்சினுக்கு 400க்கு மேல். மிச்சமெல்லாம் எப்போதாவது தேவைப்படும் கையிருப்பு. ஏ-9 வீதியில் லொறியொன்றை முந்தும்போது அந்தக் கையிருப்பின் அருமை தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரியாலையிலிருந்து சந்தைக்குப் போய்வர அதில் ஒரு துளியும் செலவாகாது.

பெரிய ஜீப்புகளின் உலகத்தில் டர்போ இல்லாத காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 1970இல் வந்த முதல் றேஞ்ச் றோவரில் 3.5 லீற்றர் எட்டுச் சிலிண்டர் பெற்றோல் இஞ்சின், டர்போ கிடையாது. இன்றைய றேஞ்ச் றோவர் பெற்றோலானாலும் டீசலானாலும் டர்போவோடுதான் வருகிறது. லாண்ட் குரூசர் 200இல் 5.7 லீற்றர் எட்டுச் சிலிண்டர் இஞ்சின் ஒன்று இருந்தது. 381 குதிரைவலு, 544 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அடுத்து வந்த 300இல் சிலிண்டர் ஆறு, கொள்ளளவு 3.5 லீற்றர், டர்போ இரண்டு, முறுக்குவிசை 650. அதன் 3.3 லீற்றர் டீசலுக்கு 700; அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. நிசான் பற்றோலும் 2024இல் இதே வழியில் போயிற்று: 5.6 லீற்றர் எட்டுச் சிலிண்டரை விட்டுவிட்டு 3.5 லீற்றர் இரட்டை டர்போவுக்கு. ஆனால் 3.8 லீற்றர் டர்போ இல்லாத இஞ்சின் ஒன்றையும் வளைகுடா நாடுகளுக்காக வைத்திருக்கிறார்கள். பாலைவன வெயிலில் நீண்ட காலம் ஓட்ட நினைப்பவர்கள் இன்னும் அதைக் கேட்கிறார்கள் என்பதே எனக்கு ஒரு செய்தி.

எட்டுச் சிலிண்டர் பெற்றோல் இஞ்சினின் சத்தத்தில் மயங்கியவர்களை எனக்குத் தெரியும். மிதித்தவுடன் தயக்கமில்லாமல் சீராக ஏறும் அந்த வலு உண்மையில் அழகானது. ஆனால் எண்ணெயைப் பாருங்கள். 2022 ஜூலையில் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் கியூ.ஆர். அட்டை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த இருபதை வைத்துக்கொண்டு இப்படியான ஜீப் கொழும்புக்குப் பாதி வழிகூடப் போகாது. பெரிய பெற்றோல் இஞ்சினை மெதுவாக ஓட்டினாலும் சிக்கனம் வராது. பாதி மூடிய காற்றுவழியூடாக இழுத்து இழுத்தே அது சக்தியை வீணாக்கும். ஆகவே பெரிய ஜீப்தான் வேண்டும் என்பவருக்கு டர்போ டீசலே சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தினதும் ஐ.நா. அமைப்புகளினதும் வெள்ளை லாண்ட் குரூசர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இஞ்சின் சத்தம் நினைவிருக்கும். லாண்ட் குரூசர் 70 வகைக்குரிய 4.2 லீற்றர் ஆறு சிலிண்டர் டீசலுக்கு டர்போ இல்லை. ஏறக்குறைய 130 குதிரைவலுதான். வேகம் கிடையாது. ஆனால் அழுக்கு டீசலையும் தூசியையும் பொறுத்துக்கொண்டு பல இலட்சம் கிலோமீற்றர் ஓடும். வைத்தியசாலையோ கராஜோ இல்லாத இடங்களுக்குப் போகிற அமைப்புகள் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தப் பொறுமைதான்.

அந்தப் பொறுமையை யாழ்ப்பாணம் வேறு எவரையும்விட நன்றாக அறியும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் தடைப்பட்டபோது எங்கள் ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல்; சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது, நேரத்துக்கு முன்னே வெடித்து இஞ்சினைத் தட்டும். ஏ-40 போன்ற பழைய இஞ்சின்கள் காற்றைக் குறைவாகவே நெருக்குபவை, அதனால் தப்பின. நெருக்கிய காற்றை மேலும் நெருக்கும் டர்போ பெற்றோல் இஞ்சினுக்கு அப்படி ஒரு வருடம் வந்திருந்தால், பிஸ்டன் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. பாசையூர், கொழும்புத்துறைக் கடற்கரைகளில் படகு இஞ்சின்கள் இன்றும் மண்ணெண்ணெயில் ஓடுவது இதே இயல்பால்தான்.

இப்போது காலம் வேறு. டர்போவை எங்கள் படலைக்குக் கொண்டுவருவது வரி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. வரியோ இஞ்சின் கொள்ளளவில் ஒரு சி.சி.க்கு இவ்வளவு என்று அறவிடப்படுகிறது; கொள்ளளவு கூடக்கூட அந்த வீதமும் படிப்படியாக ஏறும். ஒரே வாகனத்தில் இதைப் பார்க்கலாம். ரொயோட்டா றைஸ் இரண்டு பெற்றோல் இஞ்சின்களோடு வருகிறது. 996 சி.சி. டர்போவுக்கு 98 குதிரைவலு, 140 நியூட்டன் மீற்றர். 1,196 சி.சி. டர்போ இல்லாததற்கு 87, 113. சிறியது வலு கூடியது. ஆயிரத்துக்குக் கீழே நிற்பதால் வரியும் குறைவு. கடதாசியில் பார்த்தால் டர்போவைத் தவிர வேறெதையும் வாங்க நியாயமே இல்லை. கடதாசியில் வராதது பராமரிப்பு.

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஓயில் படலம் ஒன்றுதான். ஓயில் பழுதானால் முதலில் போவது டர்போ. கடும் ஓட்டம் ஓடி வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பிவிட்டால், சூட்டில் நின்றுபோன ஓயில் கரியாகிப் படியும். ஒரு நிமிடமாவது இஞ்சினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். புதிய டீசல் ஜீப்புகளின் புகைக்கரி வடிகட்டிக்கு, டி.பி.எஃப். என்பார்களே, வேறொரு தேவை இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அதற்கு நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். கொழும்புத்துறையிலிருந்து யாழ் நகரத்துக்கும் திரும்ப வீட்டுக்குமாகவே ஓடும் ஜீப்பில் அது அடைத்துக்கொள்ளும். அப்படியான ஜீப் வைத்திருப்பவர்கள் கிழமைக்கொரு தடவையாவது பரந்தன் வரை நிற்காமல் ஓடிவிட்டு வாருங்கள். உப்புக்காற்றுக்குள் நிற்கும் வாகனமென்றால், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளை நல்ல தண்ணீரால் கழுவி வையுங்கள்.

நகரத்துக்குள்ளேயே வாழ்கிறவருக்கு, வருடத்தில் ஒன்றிரண்டு தரம் மட்டும் கொழும்பு போகிறவருக்கு, டர்போ இல்லாத சிறிய இஞ்சின் போதும் என்பேன். ஹைபிறிட் கிடைத்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள், பாவித்த டர்போ ஜீப் பார்க்கப் போனால், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். ஸ்ரார்ட் செய்தவுடன் நீலப்புகை வருகிறதா, காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே ஓயில் தேங்கியிருக்கிறதா, வேகமெடுக்கையில் விசில் போலக் கூவுகிறதா என்று பாருங்கள். பிறகு ஓயில் மாற்றிய பதிவுகளைக் கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாத டர்போ ஜீப்பை, விலை எவ்வளவு இறங்கினாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.