ஐந்தாம் தேதி சம்பளம்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சி பிளாக் அம்மா ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "ஜன்னல் துடைக்க ஒவ்வொரு தடவையும் புது முகமாவே வருதே, யாரை நம்பி வீட்டுக்குள்ள விடறது?" உடனே செயலாளர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். காரணம், நம் குடியிருப்புக்கு ஆள் அனுப்புகிறவன் என் தம்பி மகன். அவனுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். சொந்தக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 34 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். மறைத்தால் ஆடிட்டில் வந்துவிடும்.

முதலில் அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். பார்த்தால் சோப்புத் தண்ணீர், ரப்பர் வைப்பர், துணி, அவ்வளவுதான். ஆனால் நம் பக்கம் ஜன்னல் லேசுப்பட்டது இல்லை. எஸ்டேட் லாரி கிளப்பும் புழுதி, போர் தண்ணீர் தெறித்து வெள்ளையாகப் படியும் உப்புக்கறை. கண்ணாடியை யாரும் துடைத்துவிடலாம். ஸ்லைடிங் ஜன்னல் ஓடும் பள்ளத்தில் சேர்ந்த மண்ணை எடுப்பதும், கொசுவலையைக் கிழிக்காமல் கழற்றி மாட்டுவதும், கடைசியில் தரையில் சொட்டிய தண்ணீரை அவனே துடைத்துவிட்டு வருவதும்தான் வேலை. பழகிய பையன் ஒரு நாளில் மூன்று வீடு முடிப்பான். புதுப் பையன் ஒன்றரை வீடு. அதுவும் கூட ஒருவன் நின்று சொல்லித் தர வேண்டும்.

தம்பி மகன் தொடங்கிய புதிதில் ஆள் தேடிய விதம் வேடிக்கை. திருமுல்லைவாயில், அண்ணனூர் ஸ்டேஷன் பக்கமெல்லாம் 'ஆட்கள் தேவை' என்று நோட்டீஸ் ஒட்டினான். போன் நிறைய வந்தது. வந்தவர்கள் ஒரு வாரம், பத்து நாள் இருந்தார்கள். ஏற்கெனவே வேலை செய்த ஒரு பையன் தன் ஊரான திருவள்ளூர் பக்கத்திலிருந்து கூட்டி வந்த சிநேகிதன் மட்டும் நின்றான்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டுமானால், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னாரைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு பொறுப்பு வந்துவிடும். அதையே இங்கே வைக்கச் சொன்னேன். ஆளைக் கூட்டி வருகிறவனுக்கு ஒரு தொகை உண்டு. ஆனால் சேர்ந்த அன்றைக்குக் கிடையாது, புதியவன் மூன்று மாதம் முடித்த பிறகு. அதனால் கூட்டி வந்தவனே அவனுக்கு வேலையும் சொல்லித் தருகிறான், காலையில் எழுப்பியும் விடுகிறான்.

சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் சோதனை வேலை. அதற்கும் முழுக் கூலி உண்டு. தம்பி மகன் வீட்டு ஜன்னல்தான் சோதனைக்கூடம். கண்ணாடி பளபளக்கிறதா என்று அவன் பார்ப்பதில்லை, பள்ளத்து மூலையைத்தான் பார்ப்பான்.

ஆள் கிடைக்கிற பாடு இதோடு தீர்ந்தது. வந்தவன் நிற்க வேண்டுமே. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

எட்டுப் பேர் வேலை செய்கிற இடத்தில், ஒன்றரை வருடத்தில் 11 பேர் விட்டுப் போயிருந்தார்கள். தம்பி மகன் நொந்து போய், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்கிற புத்தியே இல்ல பெரியப்பா, எல்லாம் டெலிவரி வேலைக்கு ஓடறானுங்க" என்றான். நானும் தலையை ஆட்டினேன். நம் வயதுக்காரர்களுக்கு அது கேட்க இதமான பேச்சு.

ஒரு நாள் பொழுது போகாமல் வருகைப் பதிவு நோட்டையும் சம்பளப் பட்டுவாடா நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 11 பேரில் 8 பேர் போனது, சம்பளம் தள்ளிப்போன மாதத்தில். ஐந்தாம் தேதி தர வேண்டியது 14, 16, ஒரு தடவை 20 என்று போயிருக்கிறது. அதிலிருந்து பத்து நாளுக்குள் ஒருவன், சில சமயம் இரண்டு பேர் கிளம்பியிருக்கிறார்கள். அந்தப் பையன்களுக்கு ஐந்தாம் தேதி வீட்டு வாடகை. தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார். உணவு டெலிவரியில் பணம் வாராவாரம் கணக்கில் விழுகிறது. வெயிலில் அலைந்தாலும் எப்போது வரும் என்று தெரிகிற பணம். அவன் சோம்பேறித்தனத்தால் போகவில்லை. நம்மைவிட நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் போயிருக்கிறான்.

சரி, சம்பளம் ஏன் தள்ளிப்போனது? வரவு நோட்டை எடுத்தேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வர வேண்டிய பில் பணம் வரவில்லை. அதிலே அதிக நாள் நிலுவையில் நின்ற பில் எது தெரியுமா? நம்முடையது. பொங்கலுக்கு முன் மாடிப்படி ஜன்னல், பொது ஹால் கண்ணாடி எல்லாம் சுத்தம் செய்தார்களே, அந்த பில். காசோலையில் கையெழுத்துப் போட வேண்டிய இருவரில் ஒருவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். 43 நாள். அந்த வருடம் நானும் கமிட்டியில் இருந்தேன். ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த மாதம்தான் இரண்டு பழைய பையன்கள் போனார்கள். அடுத்த முறை நம் வீடுகளுக்குப் புது முகம் வந்தது. சி பிளாக் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் என் நோட்டிலேயே இருந்தது.

இது இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. நம் மறைமலைநகரில் பிற்காலத்தில் ஆலை வைத்த ஃபோர்டு கம்பெனி, 1913-இல் அமெரிக்காவில் இதே பாடு பட்டது. சுமார் 14,000 பேர் வேலை செய்கிற இடத்தை நிரப்பிவைக்க, அந்த ஒரே வருடத்தில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு ஒரு நாளைக்கு 5 டாலர், 8 மணி நேர வேலை என்று அறிவித்தார். அதற்கு முன் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆட்கள் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. தம்பி மகனால் இரண்டு மடங்கு தர முடியாது. தேதி தவறாமல் தர முடியும்.

அதற்கு வங்கிக்காரன் புத்தியில் ஒரு வழி சொன்னேன். ஒரு மாதச் சம்பளத் தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து நிரந்தர வைப்பாகப் போடு. அதன் மேல் ஓவர்டிராஃப்ட் வாங்கிக்கொள். பில் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்தாம் தேதி சம்பளம் போய்விட வேண்டும். தாமதத்துக்கு உண்டான வட்டி உன் தலையில், பையன் தலையில் இல்லை. அந்தத் தொகையைச் சேர்க்க அவனுக்கு பத்து மாதம் ஆனது. புது பைக் வாங்கும் ஆசையை ஒத்திப்போட்டான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது ஞாபகம் இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே தண்ணீர் நின்றது. ஒரு வாரம் ஒரு ஜன்னல் வேலையும் இல்லை. அந்த வாரத்துக்கு அரைச் சம்பளம் கொடுத்தான். தண்ணீர் வடிந்ததும் சேற்றுக்கறை வேலை குவிந்தது. எட்டுப் பேரும் இருந்தார்கள்.

விபத்து விஷயமும் உண்டு. பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடத்துக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். 18 வயது முதல் 70 வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். எல்லோருக்கும் சேர்த்துவிட்டேன். மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும், அதை மட்டும் நான் ஞாபகப்படுத்துவேன். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும் இதைச் செய்து கொடுக்கலாம்.

வேலை பெருகியபோது, "ஒன்பது பேரோட நிறுத்திக்கவா பெரியப்பா? பத்து ஆச்சுன்னா இ.எஸ்.ஐ. கட்டணுமே" என்றான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 16,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய். பையன் பங்கு 0.75 சதவீதம், 120 ரூபாய். அதற்கு அவனுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். அயனாவரம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. பழகிய ஒருவன் போய்ப் புதியவன் பழகும் வரை ஆகும் நஷ்டம் இதைவிட எத்தனையோ மடங்கு. பத்தாவது ஆளைச் சேர்த்தான்.

பதினொன்றில் எட்டுப் பேர் கணக்கைச் சொன்னேன். மீதி மூன்று பேரில் ஒருவன் ஊரில் விவசாயம் பார்க்கப் போனான். ஒருவனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மூன்றாவது பையனைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் குடியிருப்பு இல்லை, வேறு இடம். ஒரு வீட்டில் மோதிரம் காணோம் என்று அவனை நிற்க வைத்துப் பையைக் கொட்டச் சொன்னார்கள். லிஃப்ட் வாசலில், நாலு பேர் பார்க்க. நான்கு நாள் கழித்து, மோதிரம் லாக்கரில் இருந்தது என்று தம்பி மகனுக்கு போன் வந்தது. பையன் அன்றைக்கே போய்விட்டான். அவனிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. சம்பளம் தேதி தவறாமல் வந்த மாதம் அது.

அதிலிருந்து ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் போகிறார்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு. வீட்டுக்காரர் அறையில் இருந்தால்தான் வேலை தொடங்கும். நகை, பணம், கைக்கடிகாரம் எல்லாம் முன்னாலேயே எடுத்து வைத்துவிடச் சொல்கிறார்கள். அது அவர்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

இனி நம் பக்கம். நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று, யாரையும் சன்ஷேடில் இறங்கித் துடைக்கச் சொல்லாதீர்கள். "சும்மா ஒரு காலை வச்சுத் துடைப்பா" என்பது நாம் சாதாரணமாகச் சொல்வது. நான்காவது மாடியில் அது சாதாரணம் இல்லை. கைக்கு எட்டாத கண்ணாடிக்கு நீளக்கோல் கொண்டு வருவார்கள். அதற்கும் எட்டாவிட்டால் கயிறு, பெல்ட்டோடு வேலை செய்யும் ஆட்கள் தனியாக இருக்கிறார்கள்.

இரண்டு, குறை இருந்தால் முதலாளிக்கு போன் செய்யுங்கள். திரும்ப வந்து செய்து தருவார்கள். பையனை வாசலில் வைத்துத் திட்ட வேண்டாம்.

மூன்று, குடிக்கத் தண்ணீர், கீழே உள்ள கழிவறை, ஏணியோடு லிஃப்டில் ஏற அனுமதி. இதற்கு சங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

நான்காவது, இன்றைக்குத் தீர்மானமாகவே எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். வேலை முடிந்து பில் வந்த ஏழு நாளுக்குள் சங்கம் பணம் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்துக்கு இப்போது இருவர் இருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்து, மூவரில் எந்த இருவர் போட்டாலும் செல்லும் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். ஜன்னல் வேலைக்கு மட்டும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர், செக்யூரிட்டி ஏஜென்சி, எல்லோருக்கும். நாம் வைக்கிற ஒவ்வொரு நிலுவைக்கும் அந்தப் பக்கம் யாரோ ஒருவர் வாடகை தர முடியாமல் நிற்கிறார்.

என் சொந்தக்காரனுக்குப் பணம் வரும் விஷயம் என்பதால் நான் வாக்களிக்கப் போவதில்லை. முன்மொழிந்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். வழிமொழிய விருப்பமுள்ளவர்கள் கையைத் தூக்கலாம்.



(தீர்மானம் அன்றே நிறைவேறியது. மூன்றாவது கையெழுத்துக்கான படிவம் வங்கியில் கொடுக்கப்பட்டுவிட்டது.)