எண்ணை வைத்துப் பார்ப்போம்



அட்சரகணிதத்தில் வசனக் கணக்கு வந்தால் நம்மிற் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறோம். அதற்கொரு பழைய வழியுண்டு. பாஸ்கராசாரியார் 1150இல் இயற்றிய லீலாவதி அதனை 'இஷ்டகர்மம்' என்கிறது: விரும்பிய எண்ணொன்றை விடையாக வைத்துச் செய்து பார்த்தல்.

கல்முனை வயற்காரர் ஒருவர், விளைந்த நெல்லில் மூன்றிலொரு பங்கைக் குத்தகைக்கும் நாலிலொரு பங்கைக் கூலிக்கும் கொடுத்தார். எஞ்சியது 25 மூடை. விளைந்தது எவ்வளவு? 12 என்று வைப்போம். நாலும் மூன்றும் போக மிச்சம் 5. வேண்டியது 25, அதாவது ஐந்து மடங்கு. ஆகவே விடை 60.

விதைநெல்லுக்கும் 5 மூடை எடுத்தபின்பே 25 எஞ்சியதென்றால்? 12ஐ வைத்தால் மிச்சம் பூச்சியம். எந்த மடங்கும் உதவாது. பங்குகள் விளைச்சலோடு வளரும், விதைநெல் வளராது. எடுத்த 5ஐ முதலில் திருப்பிச் சேர்த்தால் 30, அது ஆறு மடங்கு, விடை 72. இதனை உணராது வழியை மட்டும் மனனஞ் செய்தவர் பரீட்சை மண்டபத்தில் ஏமாறுவார்.

கழித்ததைத் திருப்பிச் சேர்ப்பதற்கு அரபியில் 'அல்ஜப்ர்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலால் அது உலகெங்கும் பரவியது. லீலாவதியும் அல்ஜப்ரும் ஒரே கணக்கில் கைகோக்கின்றன, நம்மூர் அயல்வீட்டாரைப் போல. நம் தம்பி தங்கையர்க்கு இரண்டையும் சொல்லிக்கொடுப்போமாக.