சாரதியின் தகைமை

திருகோணமலையிலிருந்து கோதுமை மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் கந்தளாய், ஹபரணை வழியாகச் செல்வதை அறிவீர்கள். தந்தையை இழந்த என் பழைய மாணவனொருவன், "இலகு வாகனத்துக்கு 18 வயது போதும், கனரக வாகனத்துக்கு மட்டும் 21 ஏன், சேர்?" என்று மனங்கசந்து வினவினான்.

"தம்பி, பாரமேற்றிய லொறி நினைத்த இடத்தில் நில்லாது. ஹபரணைக் காட்டில் இரவில் யானை குறுக்கிடும், ஊருக்குள் பிள்ளைகள் குறுக்கிடுவர்," என்றேன்.

1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் வழிவந்த விதிகள் மருத்துவச் சான்றிதழையும், எழுத்து, செய்முறைப் பரீட்சைகளையும் வேண்டுவது இதன்பொருட்டே. கனரக அனுமதிப்பத்திரத்தை நான்காண்டுக்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும். கண்பார்வை சொல்லாமலே மங்குமன்றோ?

அவன் லொறி உதவியாளனாய்க் காத்திருந்தான். அவ்வீடு பட்ட துன்பத்தை நானறிவேன். ஆயினும், வீதியைக் கடக்கும் குழந்தை சாரதியின் அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பதில்லை. அவனை நம்பியே அடியெடுத்து வைக்கிறது.