மண்ணுக்கு அடியில் இருந்த காரணம்



சுபாங் ஜெயா என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும்தாம் நினைவுக்கு வரும். நம்மில் வயதில் மூத்தவர்களைக் கேட்டால், "அது சீபீல்டு தோட்டமாச்சே!" என்பார்கள். 1970களின் பிற்பகுதியில் அந்தத் தோட்டத்து மரங்களைச் சாய்த்துத்தான் நகரத்தை எழுப்பத் தொடங்கினார்கள். அந்தச் சுபாங் ஜெயாவைச் சேர்ந்த ஒரு பகுதி புத்ரா ஹைட்ஸ். அங்கே நடந்த ஒரு விபத்தையும், அதை விசாரித்த விதத்தையும் சொல்லிவிட்டு, நம் தோட்டத்துக் கதைக்கு வருவோம்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள். நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை எட்டு மணி தாண்டிச் சிறிது நேரத்தில், நிலத்துக்கு அடியில் செல்லும் பெரிய எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. தீச்சுவாலை சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு, அதாவது பத்து மாடிக் கட்டடத்தின் அளவுக்கு எழும்பியது. அடங்குவதற்குப் பிற்பகல் ஆயிற்று. 200க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. 100 பேருக்கு மேல் காயமுற்றார்கள். உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு.

தீ அணைந்த கையோடு ஊரெல்லாம் ஒரே பேச்சு. "பக்கத்தில் மண் தோண்டினார்களாமே! அந்த இயந்திரக்காரன்தான் குழாயை இடித்திருப்பான்" என்றார்கள். பேச்சு அத்துடன் முடிந்திருந்தால் ஓர் இயந்திர ஓட்டுநரின் தலையில் பழி விழுந்திருக்கும். குழாய்க்கு என்ன ஆயிற்று என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

விசாரணை செய்தவர்கள் அவசரப்படவில்லை. வெடித்த இடத்தில் பெரும் பள்ளம். மண் சேறாகக் குழைந்து கிடந்தது. உள்ளே இறங்கினால் சரிந்துவிடும். ஆகவே முதலில் நிலத்தை உறுதிப்படுத்திய பிறகே தோண்டி, குழாய்த் துண்டுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மண்ணையும் எடுத்துச் சோதித்தார்கள். அறிக்கை ஜூன் 30ஆம் நாள்தான் வெளிவந்தது. குழாய்க்குக் கீழே இருந்த மண் ஈரத்தால் தளர்ந்து, குழாயைத் தாங்கும் வலுவை இழந்துவிட்டது. மேலிருந்து திரும்பத் திரும்ப வந்த பாரத்தால் குழாய் களைத்துப்போய் வெடித்தது என்று அதில் கண்டிருந்தார்கள். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒரு கட்டத்தில் முறிந்துவிடுகிறதல்லவா, இரும்பின் களைப்பு அப்படிப்பட்டதே. வேண்டுமென்று செய்த சதியோ, யாருடைய கவனக்குறைவோ இருந்ததற்குச் சான்றில்லை என்று காவல்துறை சொன்னது. இந்த முடிவில் மனம் நிறைவடையாத குடியிருப்பாளர்களும் உண்டு. வீட்டை இழந்தவர்கள் மேலும் கேள்வி கேட்பது அவர்கள் உரிமை.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். நாம் முன்பு பணியாற்றிய ஒரு தோட்டத்தில், மருந்தடிக்கும் வேலை செய்த ஓர் அம்மா, முதுகில் நிறைந்த மருந்துத் தோம்புடன் வாய்க்கால் பலகையைக் கடக்கும்போது வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது; மருந்து உடம்பெல்லாம் கொட்டியது. விபத்துப் புத்தகத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரே வரி எழுதப்பட்டது. அவருடைய மகள் நம் வகுப்பில் படித்தாள். "அம்மா மேலதான் தப்பாம் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பத்து வயதுப் பிள்ளை!

நாமும் சக ஆசிரியர் ஒருவரும் மாலையில் அந்தப் பலகையைப் போய்ப் பார்த்தோம். பாசி படிந்திருந்தது, கைப்பிடி இல்லை. ஏன் இந்த வழியில் வந்தார்? பழைய பாலம் மழைக்காலத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஏன் அது கட்டப்படவில்லை? கங்காணி கிராணியிடம் சொன்னாராம், கிராணி அதை எழுதிவைக்கவில்லையாம். சரி, சுமையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு தடவையாகக் கடந்திருக்கலாமே? நாளுக்கு இத்தனை தோம்பு என்று கணக்கு இருந்தது. குறைந்தால் சம்பளம் குறையும். கண்ணைத் திறந்துகொண்டு நடந்த பெண்மணி விழுந்ததற்கு வாய்க்கால் ஓரத்தில் ஒன்றும் அலுவலகத்தில் இரண்டுமாகக் காரணங்கள் கிடந்தன.

நாம் கேட்டதை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்பார்களே என்ற தயக்கம். இரண்டு மாதம் கழித்து அதே பலகையில் வேறொருவர் விழுந்தார். அதை இன்றும் நம்மால் மறக்க முடியவில்லை.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியால் தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் நகம் இழந்து, தோல் வெந்து அவதிப்பட்டார்கள். கையுறை போடாததுதான் காரணம் என்றே பல காலம் சொல்லப்பட்டது. இந்த வெயிலில் நாள் முழுதும் ரப்பர் கையுறையுடன் வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நேரம் கையில் நிற்கும் என்று. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அந்த மருந்தே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

சட்டத்தில் நமக்கு உதவுகிறவை சில உண்டு. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பின் வந்ததே 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். கடுமையான விபத்து நடந்தால் முதலாளி ஜேகேகேபி எனப்படும் பாதுகாப்பு இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். ஆளைக் காப்பாற்றுவது போன்ற அவசரம் தவிர, நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது. நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். 2024 ஜூன் முதல், உடனடி ஆபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளவும் உரிமை வந்துள்ளது. சொக்சோ உதவித்தொகை, யார் தவறு என்று நிறுத்துப் பார்த்துக் கொடுக்கப்படுவதன்று. ஆகையால் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டார்களே என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

தாய்மார்களே, வீட்டில் யாருக்காவது அடிபட்டால், மருத்துவமனைக்கு அனுப்பிய பின், படித்த பிள்ளை ஒருவரை உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தரை ஈரமா, கருவி எப்படி இருந்தது, உடன் யார் இருந்தார், அதே இடத்தில் முன்பு யாராவது தடுக்கி விழுந்ததுண்டா, அதை யாரிடம் சொன்னோம்? கைத்தொலைபேசி இருந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மறுநாள் பலகையைக் கழுவிவிடுவார்கள்.

அந்தத் தோட்டத்தில் இரண்டாவது விபத்துக்குப் பிறகு சங்கத் தலைவர் ஒருவர் இப்படித்தான் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். 'பாலம் உடைந்து ஐந்து மாதம்' என்பதுதான் முதல் வரி. கைப்பிடியுடன் சிமெண்டுப் பாலம் கட்ட மூன்று வாரம் ஆனது.