ஐந்தாம் வகுப்பின் வாயிலைக் கடக்கும் பிள்ளைகள்

(அறக்கட்டளை ஆண்டு விழாவில், பெற்றோர் – மாணவர் அரங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு முதலில் அளித்த தலைப்பு உயர்கல்வி வாய்ப்புகள் என்பது. அதைப் பற்றிப் பேச நம் சமூகத்தில் பொறியாளர்களும் பேராசிரியர்களும் பட்டயக் கணக்கர்களும் பலர் இருக்கின்றனர். ஆனால், ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு வரும் ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்பில் காலடி வைக்கப்போகும் பிள்ளையைப் பற்றி மேடையேறிப் பேசுவார் இல்லை. ஆகவே தலைப்பை மாற்றித் தருமாறு வேண்டிக்கொண்டேன். அவர்களும் பெருந்தன்மையோடு இசைந்தனர்.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியனாகப் பணியாற்றியவன் நான். அவற்றுள் பெரும்பாலான ஆண்டுகளில் ஆறாம் வகுப்பும் என் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பிழை என்னுடையது.

பள்ளி திறந்த முதல் வாரம். பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறுவன் மூன்றாம் பாடவேளையின் நடுவே வகுப்பிலிருந்து எழுந்து போய்விட்டான். மாலையில்தான் தெரிந்தது, அவன் பேருந்து நிறுத்தத்தில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தான் என்று. மறுநாள் அவனை வகுப்பின் முன் நிறுத்தி, "வகுப்பைவிட்டு ஓடுகிறவன் எதற்குப் பள்ளிக்கு வருகிறாய்?" என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பிறகு பதினொரு நாள்கள் அவன் பள்ளிப் பக்கம் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் நான் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். அவன் தாயார் சொன்னார்: "ஐயா, ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் வேறவேற சார் வந்தாங்களாம். நாம தப்பான வகுப்புல வந்து உக்காந்துட்டோம்னு பயந்து எழுந்து வந்துட்டானாம்."

ஐந்தாண்டுகளாக அவன் படித்த தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் இருவர் மட்டுமே. காலை முதல் மாலை வரை ஒரே முகம், ஒரே குரல். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார், மணி அடித்தால் மாறுவார் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பெற்றோர் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

அவன் மீண்டும் வந்தான், படித்தான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் கை உயர்த்தி ஒரு வினாவும் கேட்டதில்லை. அது இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ஆகவே குழந்தைகளே, இதை உங்களுக்கே நேராகச் சொல்கிறேன். புதிய பள்ளியில் ஒரு நாளைக்கு ஏழு அல்லது எட்டுப் பாடவேளைகள் இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆசிரியர் வருவார். நீங்கள் அங்கேயே இருந்தால் போதும். கால அட்டவணை என்று ஒன்று முதல் வாரத்தில் எழுதிப் போடுவார்கள். அதைப் பார்த்தெழுதி, வீட்டில் நீங்கள் படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். முதல்நாள் இரவே அதைப் பார்த்துப் பையை நீங்களே அடுக்குங்கள். அம்மா அடுக்கக் கூடாது. மறந்துவிட்ட நோட்டுக்காக இரண்டு முறை திட்டு வாங்கினால் மூன்றாம் முறை மறக்க மாட்டீர்கள்.

இனிப் பெற்றோருக்கு. பாடங்களில் நேரும் மாற்றம் சிறியதன்று. கணிதத்தில் எண் நிற்க வேண்டிய இடத்தில் முதன்முதலாக ஓர் எழுத்து வந்து நிற்கிறது. இயற்கணிதம் அங்கேதான் தொடங்குகிறது. அறிவியலில் அளவீடுகள், விசை, இயக்கம் என்று கலைச்சொற்கள் வரிசையாக வருகின்றன. சமூக அறிவியலோ வரலாறு, புவியியல், குடிமையியல் எனப் பிரிந்துவிடுகிறது. அந்த வரலாற்றுப் பகுதியில் வர்த்தமானரைப் பற்றியும் நம் பிள்ளைகள் படிப்பார்கள். வீட்டில் பாட்டியிடம் கேட்டதை வகுப்பில் சொல்லட்டும். ஆனால் விடைத்தாளில் பாடநூலில் உள்ளதை எழுதப் பழக்குங்கள்.

இந்த இரண்டு மாத விடுமுறையில் தனிப்பயிற்சி வைத்து ஆறாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே முடித்துவிடலாமா என்று பலர் என்னைக் கேட்கின்றனர். வேண்டா. முன்பே கேட்ட பாடத்தை வகுப்பில் மறுபடி கேட்கும் பிள்ளை கவனிப்பதை விட்டுவிடுகிறது. அதற்குப் பதிலாக ஐந்தாம் வகுப்போடு முடிந்திருக்க வேண்டியவை முடிந்துள்ளனவா என்று பாருங்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் வருகிறதா? நான்கு இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் வகுக்கத் தெரிகிறதா? பின்னத்தைக் கண்டால் அஞ்சுகிறதா? என் அனுபவத்தில், பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தோற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தோற்பது பின்னத்தில்தான். செய்தித்தாளில் நாளொன்றுக்குப் பத்து வரி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பேனாவால் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பென்சிலும் அழிப்பானுமாக இருந்த பிள்ளைக்குப் பேனா ஒரு புதிய கருவி. ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றை இப்போதே வாங்கிக் கொடுங்கள். கவராயம், பாகைமானி, மூலைமட்டம் ஆகியவற்றை வைத்து விளையாடட்டும். பள்ளி திறந்த நாளில் கவராயத்தை முதன்முதலாகத் தொடும் பிள்ளை வட்டம் போடுவதற்கு முன் பக்கத்திலிருப்பவன் கையைக் குத்திவிடுவான்.

கண் பரிசோதனையை மறந்துவிடாதீர்கள். தொடக்கப் பள்ளியில் கரும்பலகைக்கு அருகில் அமர்ந்திருந்த பிள்ளை, உயரமானவன் என்பதற்காக இங்கே கடைசி வரிசைக்குப் போகிறான். எழுத்து மங்கலாகத் தெரிவதை அவனே உணர்வதில்லை, எல்லார்க்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணுகிறான். 'கவனமில்லை' என்று மதிப்பெண் அட்டையில் நாங்கள் எழுதியவர்களுள் சிலருக்கு வேண்டியிருந்தது கண்ணாடி.

அடுத்து, பள்ளியைத் தேர்ந்தெடுப்பது. இதுதான் பல வீடுகளில் இன்று நடந்துகொண்டிருக்கும் பேச்சு. நான் எந்தப் பள்ளியையும் உயர்த்தியோ தாழ்த்தியோ சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டப்படி, மருத்துவப் படிப்புக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உரியது. நீட் தேர்வில் அவர்கள் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் இது விரிந்தது. இங்கே அரசுப் பள்ளி மாணவர் என்பதன் பொருள், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றவர் என்பதாகும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இடம் பெற்று, ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்திலும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. ஆறாம் வகுப்பில் இரண்டாண்டு மட்டும் தனியார் பள்ளியில் பார்ப்போம், பிறகு மாற்றிக்கொள்வோம் என்று சேர்த்துவிட்டு, ஏழாண்டு கழித்து விவரம் அறிந்து வருந்திய பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். தனியார் பள்ளிதான் வேண்டும் என்று தீர்மானித்தால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் அறிந்து சேருங்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் திடீரென ஆங்கில வழிக்கு மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடம் புதிது, ஆசிரியர்கள் புதியவர்கள், நண்பர்கள் இல்லை. இவற்றோடு மொழியும் மாறினால் பதினொரு வயதுப் பிள்ளை எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், முதலில் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பல வீடுகளில் கட்டணம் கட்டிய பிறகுதான் பிள்ளைக்குச் செய்தி தெரிகிறது.

சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைப்பதும் நன்கொடை கேட்பதும் கல்வி உரிமைச் சட்டப்படி கூடாதவை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று சேர்க்கையை மறுக்கவும் கூடாது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டம் அது. கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417 என்ற எண்ணில் அரசின் உதவி மையம் இருக்கிறது. நம் சமூகத்தார் அடிக்கடி கேட்கும் மற்றொன்று: சமணர்கள் 2014 ஜனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர், அதனால் ஆறாம் வகுப்பிலும் மத்திய அரசின் உதவித்தொகை உண்டல்லவா என்று. முன்பு இருந்தது. 2022-23 முதல் அந்தத் திட்டம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டுவிட்டது.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. ஐந்தாம் வகுப்பில் பள்ளியில் பசியாறிய பிள்ளை, ஆறாம் வகுப்பில், அதுவும் முன்னதாகவே பேருந்துக்குக் கிளம்ப வேண்டிய நாளில், வெறும் வயிற்றோடு போகக் கூடாது. மதிய உணவு தொடர்ந்து உண்டு. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருவார்கள், பெயரை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். மாலையில்தான் நம் வீடுகளுக்கே உரிய இடர் இருக்கிறது. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுள்ள வீட்டுப் பிள்ளை, கார்த்திகை, மார்கழியில் பேருந்திலிருந்து இறங்கும்போதே இருட்டிவிடுகிறது. அந்த வழக்கத்தைக் காக்க வேண்டுமென்றால் பாரம் பிள்ளையின் வயிற்றின்மீது விழக் கூடாது. இரண்டாவது டப்பா ஒன்றில் உணவைக் கொடுத்தனுப்பி, பள்ளி விட்டதும் உண்ணச் செய்யலாம். கிழங்கு வகைகளை ஏன் உண்பதில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். "எங்கள் வீட்டில் இப்படி" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழக்குங்கள். பிறர் உணவைக் குறைத்துப் பேசாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நண்பர்கள் எளிதில் கிடைக்கிறார்கள்.

தாய்மார்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பெண் குழந்தைகள் பூப்பெய்தும் பருவமும் இந்த வகுப்புகளும் ஒன்றாகவே வருகின்றன. பள்ளியில் அது நேரும் நாளில்தான் முதன்முதலாக அதைப் பற்றிக் கேள்விப்படும் நிலை உங்கள் மகளுக்கு வேண்டா. இந்த விடுமுறையில் அமைதியாக உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். பையில் நாப்கின் ஒன்றும் மாற்று உள்ளாடை ஒன்றும் இருக்கட்டும். எந்த ஆசிரியையிடம் போய்ச் சொல்லலாம் என்பதைச் சேர்க்கை நாளிலேயே பார்த்து வையுங்கள். தந்தையர் இதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டியதில்லை. தாய் ஊரில் இல்லாத நாளில் கடைக்குப் போக வேண்டியவர் நீங்கள்தான். ஆணோ பெண்ணோ, தொடக் கூடாத முறையில் எவரேனும் தொட்டால் வீட்டில் சொல்லலாம், சொன்னால் அடி விழாது என்ற உறுதி பிள்ளைக்கு இருக்க வேண்டும். 1098 என்ற எண்ணையும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

பள்ளி திறக்குமுன் ஒருமுறையாவது பிள்ளையைப் பேருந்தில் அழைத்துச் சென்று, எந்த நிறுத்தத்தில் இறங்குவது, திரும்பும்போது சாலையின் எந்தப் பக்கம் நிற்பது என்று காட்டுங்கள். இரண்டாம் முறை பிள்ளை முன்னே நடக்கட்டும். நீங்கள் பின்னே போங்கள். பள்ளி வாயில், குடிநீர்க் குழாய், கழிவறை ஆகியவை எங்கே என்று பார்த்துவிட்டு வாருங்கள். கழிவறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருந்த பிள்ளைகள் பலர்.

முதல் பருவத் தேர்வில் மதிப்பெண் குறையும். ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை இங்கே பதினைந்தாம் இடத்தில் நிற்கலாம்; பத்து ஊர்களின் முதல் பிள்ளைகள் ஒரே வகுப்பில் கூடியிருக்கிறார்கள் அல்லவா? அந்த மதிப்பெண் அட்டையைப் பார்க்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும். அன்றாடம் மாலையில் "எத்தனை மார்க்?" என்பதற்கு முன்னே "இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் மாதத்தில் எனக்கு முக்கியமாகப்படுவது அந்த விடைதான். ஒரு வாரம் முழுவதும் ஒரு பெயரும் வரவில்லை என்றால் வகுப்பாசிரியரை வந்து பாருங்கள். முன்னறிவிப்பின்றி வரும் பெற்றோரைக் கண்டு நாங்கள் முகம் சுளிப்பதுண்டு. அதைப் பொருட்படுத்த வேண்டா.

கடைசியாக ஓர் அலுவல் செய்தி. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு ஆகிய மூன்றிலும் பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் ஆகியவை ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளிப் பதிவில் இருப்பதுதான் பின்னாளில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகி வருகிறது. அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. இப்போது என்றால் தலைமையாசிரியரிடம் ஒரு விண்ணப்பத்தோடு தொடங்கலாம். நம் வீடுகளில் ஜீவேந்திரன், ஸ்ரீபால், பத்மாவதி போன்ற பெயர்கள் ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். தாள்களின் நகல் கொண்டு வந்திருப்போர் உரை முடிந்ததும் மேடைக்கு வலப்புறம் வாருங்கள். உணவு வேளை வரை அங்கேதான் இருப்பேன். சேர்ந்தே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். குழந்தைகளும் வரலாம். ஜாமெட்ரி பாக்ஸ் இரண்டு கொண்டு வந்திருக்கிறேன்.