பழைய துணிக்கும் ஒரு வேலை உண்டு

(நமது மருத்துவமனையைத் தாங்கிவரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பழைய உடைகளை வெட்டித் தைத்துப் புதிய உபயோகத்துக்குக் கொண்டுவருவதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். இதற்கு இப்போது 'அப்சைக்கிளிங்' என்று பெயர் சொல்லுகிறார்கள். பட்டணத்துக் கடைகளில் அப்படித் தைத்த பைகளும் சட்டைகளும் நல்ல விலைக்கு விற்கின்றன. நம் பாட்டிமார் காலத்தில் இதற்குத் தனியாக ஒரு பெயர் இருக்கவில்லை. குடித்தனம் நடத்துவதிலே இதுவும் ஒரு பங்காயிருந்தது.

எரேமியாவின் புஸ்தகம் 38-ஆம் அதிகாரத்தில் பழந்துணியைப் பற்றிய ஒரு சம்பவம் உண்டு. தீர்க்கதரிசியைத் துரவுக்குள் இறக்கிவிட்டார்கள். அதிலே தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக் ராஜாவிடம் உத்தரவு பெற்று, முப்பது பேரோடு அவரைத் தூக்கிவிட வருகிறான். வருமுன் அரமனைப் பொக்கிஷ அறையின் கீழே போய், அங்கே கிடந்த கந்தல்களையும் பழந்துணிகளையும் எடுத்துக்கொள்ளுகிறான். அவற்றைத் துரவுக்குள் இறக்கி, அக்குள்களில் வைத்துக்கொண்டு அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும்படி தீர்க்கதரிசிக்குச் சொல்லுகிறான்.

தூக்கிவிடக் கயிறு போதுமே. ஆனாலும் பட்டினியால் மெலிந்த ஒரு மனுஷனைக் கயிறு அறுக்கும் என்று அவன் யோசித்தான். எந்த இடத்தில் வலிக்கும் என்று முதலில் பார்த்தான். பிறகு துணியைத் தேடினான். நாம் பழைய துணியைக் கையில் எடுக்கும்போது பின்பற்ற வேண்டிய ஒழுங்கும் இதுவே. இதை மனதில் வைத்து மூன்று காரியங்களைச் சிந்திப்போம்.

முதலாவது, துணியின் தன்மையை அறிய வேண்டும்.

ஒரு நூல் சேலையின் ஆயுளை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். சில வருஷம் கோவிலுக்கும் கலியாணத்துக்கும் உடுத்துவது, பின்பு வீட்டில் உடுத்துவது. நைந்துபோனால் பிள்ளைக்குத் தூளி. தூளிக்கும் தாங்காது என்றால் கிழித்துப் பச்சைக் குழந்தையின் கீழே விரிப்பது. பழைய வேட்டியின்மேல் வடகம் பிழிந்து காயவைப்பார்கள். மிஞ்சியது அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கரித்துணி. அதிலும் மிஞ்சியது விளக்குத் திரி. இத்தனைக்கும் காரணம் சிக்கனம் மாத்திரமல்ல. பருத்தி துவைக்கத் துவைக்கக் கஞ்சி நீங்கி, இழை தளர்ந்து மிருதுவாகும். ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். ஆகையால் குழந்தையின் தோலுக்குப் புதுத்துணியைவிடப் பழந்துணியே இதமானது என்று தாய்மார் அறிந்திருந்தார்கள்.

மற்ற இடத்தாரும் இதை அறிந்திருந்தார்கள். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் போட்டுக் 'காந்தா' என்னும் போர்வை செய்தார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டக் காடுகளில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியார். அவர்களுடைய பெண்கள் பழைய உடைகளின் துண்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போய்க் 'கவந்தி' என்னும் போர்வையை முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூப்போல ஒன்று வைக்காவிட்டால் அந்தப் போர்வை அவர்களுக்கு முழுமையாகாது. ஏழ்மையிலே தைத்தாலும் அழகை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இன்று நம் அலமாரிகளில் இருப்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர், அல்லது பாலியெஸ்டர் கலந்தது. அது எத்தனை பழசானாலும் ஈரத்தை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்கும் அடுப்படிக்கும் அது ஆகாது. சந்தேகமானால் ஓரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறினபின் கெட்டியான மணிபோல நிற்கும். துணியைப் பிரிக்கிறவர்களுக்கு இந்தச் சிறிய பரீட்சை மிகவும் உதவும்.

இரண்டாவது, புதுத்துணிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டும்.

ஒரு பருத்தி டி-சட்டைக்கு, பருத்தி விளைவதிலிருந்து தைத்து முடிப்பதுவரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் நாளொன்றுக்கு 3 லிட்டர் குடித்தால் அது 900 நாளுக்குப் போதுமான தண்ணீர். நம் நாட்டிலேயே நொய்யல் ஆற்றின் கதை இருக்கிறது. ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை கட்டி 1992-இல் திறந்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் வந்து அணையில் தேங்கியது. வயலுக்கென்று கட்டின அணையின் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்ச முடியாமற்போயிற்று. கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. விவசாயி நிலத்தை இழந்தான். பட்டறை மூடினபோது தொழிலாளி கூலியை இழந்தான். நம் சட்டையின் நிறத்துக்குப் பின்னே இவ்விரண்டு குடும்பங்களும் இருக்கின்றன.

தைக்கிறவர்களையும் மறக்கக்கூடாது. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்கதேசத்தில் டாக்கா அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்த பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. ஆனாலும் வேலைக்கு வரும்படி அவர்களை வற்புறுத்தினார்கள்.

பழைய ஆடையை ஆலைக்கு அனுப்பினால் மறுபடியும் ஆடையாகி வராதா என்று கேட்கலாம். உலகத்தில் ஆடைக்காகச் செலவாகும் மூலப்பொருளில் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் திரும்பவும் ஆடையாவதில்லை. கலப்பு நூலைப் பிரிப்பது கடினம். ஆகவே பொத்தான் அறுந்ததைத் தைத்து, கிழிந்ததை ஒட்டுப்போட்டு, உள்ளதையே இன்னும் சில வருஷம் உடுத்துவதே முதற்கடமை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்ன நம் முன்னோர் கந்தையைக் குறித்து வெட்கப்படச் சொல்லவில்லை. உடுத்தக்கூடிய ஒன்றை அலங்காரத்துக்காக வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாகக் கடையில் புதிதாக ஒன்று வாங்கினால் நாம் எதையும் மீட்கவில்லை. உடுத்த முடியாதபோதுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். தைக்கும் பொருளும் புதிதாக வாங்க வேண்டிய ஒன்றுக்குப் பதிலாக நிற்க வேண்டும்.

மூன்றாவது, பெறுகிறவரை நினைக்க வேண்டும். இதுவே மூன்றிலும் முக்கியமானது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபின் நாகப்பட்டினம் முதலான கடற்கரைகளுக்குத் தேசமெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய உடைகள் வந்தன. அனுப்பினவர்களின் அன்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தாத வகைகளும், கிழிந்தவைகளும், அழுக்கானவைகளும் அதில் கலந்திருந்தன. வீட்டையும் வலையையும் பிள்ளைகளையும் இழந்த மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். அவர்கள் கடலில் உழைத்துத் தங்கள் கையால் வாங்கி உடுத்தினவர்கள். துணிகள் தெருவோரங்களில் குவியல் குவியலாய்க் கிடந்தன.

டெல்லியில் அன்ஷு குப்தா 1999-இல் ஆரம்பித்த 'கூஞ்ச்' என்னும் ஸ்தாபனத்தார் அந்தக் குவியல்களில் பெரும்பகுதியை எடுத்து, தரம் பிரித்து, உபயோகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பருத்தித் துணியைத் துவைத்து, வெட்டி, பெண்களின் மாதவிலக்கு நாட்களுக்கான துணி அட்டைகளாகத் தைத்துக் கொடுப்பது அவர்கள் செய்துவரும் பணிகளில் ஒன்று. ஏழைப் பெண்களுக்கு அந்த நாட்களில் சுத்தமான துணிகூட இல்லை என்பதை யாரும் வாய்திறந்து பேசாதிருந்த காலத்தில் அவர்கள் அதைக் கேட்டு அறிந்தார்கள். 2015-இல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கொடுக்கப்பட்டது. தெருவில் கிடந்ததும், தைத்துப் பயன்பட்டதும் ஏறக்குறைய அதே துணிதான். நடுவிலே ஒருவர் தேவையைக் கேட்டறிந்ததுதான் வித்தியாசம்.

பிரியமானவர்களே, நம் மருத்துவமனையைப் பொறுத்தமட்டில் நாம் என்ன செய்யலாம்?

ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த சபைப் பெண்கள் பழைய படுக்கைவிரிப்புகளைக் கிழித்து, கட்டுத்துணியாகச் சுருட்டி மிஷன் மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அது பெரிய உதவி. இன்றைக்குக் காயத்தின்மேல் ஆட்டோகிளேவில் சுத்திகரித்த துணியைத் தவிர வேறொன்றையும் வைக்கக்கூடாது. ஆகையால் காயத்துக்கென்று பழந்துணி கொடுக்க வேண்டாம். வேறு தேவைகள் அநேகம் உண்டு.

இரவிலே வார்டுகளில் நடந்தால், கட்டிலில் நோயாளியும் கீழே தரையில் துணைக்கு வந்தவரும் படுத்திருப்பதைக் காண்போம். கிராமத்திலிருந்து அவசரமாக வந்தவர்கள் பாயும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். மார்கழிக் குளிரில் சிமெண்டுத் தரையில் முந்தானையை விரித்துப் படுக்கிறார்கள். பழைய நூல் சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட விரிப்பு ஒன்று அந்தத் தாய்க்கு எவ்வளவு ஆறுதலாயிருக்கும்! நடுவில் நைந்த படுக்கைவிரிப்பையும் எறிய வேண்டாம். நீளவாக்கில் இரண்டாக வெட்டி, உறுதியான ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்தால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் உழைக்கும்.

நைந்த மிருதுவான சேலையில், பிறந்த பிள்ளைக்கு முன்பக்கம் நாடா வைத்துக் கட்டும் சின்னச் சட்டை தைக்கலாம். பொத்தான், ஊக்கு, ஜரிகை எதுவும் வேண்டாம். தைத்தபின் கொதிக்கும் நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். பழைய பேன்ட்டின் கால்களில் இரண்டு பக்கத் தையல் தயாராகவே இருக்கிறது. அடியை மூடி, மேலே பிடி வைத்தால் பை. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021-இல் அரசாங்கமே மஞ்சப்பையை மீண்டும் நினைவூட்டியது. மருந்தையும் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை ஒவ்வொரு நோயாளிக்கும் உபயோகப்படும். பாலியெஸ்டர் சேலைகளை நாடாவாகக் கிழித்துப் பின்னினால் கால்மிதி. பொத்தான்களையும் ஜிப்புகளையும் கழற்றிச் சேர்த்துவைத்தால் தையற்காரருக்கு உதவும்.

இன்னும் ஒரு வார்த்தையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழந்துணி இனாமாக வருகிறது; தையல் இனாமாக வருவதில்லை. பிரிப்பதற்கும், துவைப்பதற்கும், வெட்டுவதற்கும் புதுத்துணி தைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதைச் செய்கிற கைம்பெண்ணுக்கு நியாயமான கூலி கொடுக்காமல், மலிவாக ஒரு பை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டால், தூர தேசத்து ஆலைகளைக் குறித்து நாம் குறை சொல்ல இடமில்லை. ஆகவே துணி மூட்டை அனுப்புகிறவர்கள் நூலுக்கும் கூலிக்கும் கூடவே ஒரு சிறு காணிக்கை அனுப்பும்படி அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம். அனுப்புமுன் என்ன தேவை என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். துவைத்து உலர்த்தி, நூல் துணியைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் கட்டுங்கள். நம் வீட்டுப் பிள்ளை நோயாய்ப் படுத்திருந்தால் எதை விரிப்போமோ, அதைக் கொடுப்போமாக.

யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் மரித்தபோது, விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களோடிருக்கையில் தைத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காண்பித்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் காண்கிறோம். யாருக்கு எது வேண்டுமென்று அந்த அம்மாள் அறிந்து தைத்தாள் என்றே நாம் எண்ணுகிறோம். வருகிற சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் தையல் அறையில் கைகொடுக்க மனமுள்ளவர்கள் சங்கத்துக் காரியதரிசி அம்மாளிடம் பெயர் கொடுக்கலாம். குளிர் காலத்துக்குள் பெண்கள் வார்டுக்கும் பிள்ளைகள் வார்டுக்கும் வேண்டிய விரிப்புகளை முடித்துக் கொடுக்கலாம் என்று நம்பியிருக்கிறோம்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.