பற்ற மறுக்கும் கீசர்



வீட்டிலே ஒரு கருவி இயங்காவிட்டால் அதனைப் பழுது என்று சொல்லி விடுவது நம் வழக்கம். குளியலறைக்கு வெந்நீர் தரும் எரிவாயுக் கீசரைப் பொறுத்தவரை அச்சொல் பல வேளைகளில் பொருந்துவதில்லை. குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வருகிறது, தீ மட்டும் பற்றவில்லை. கருவி கெட்டுப் போயிற்று என்பதல்ல, 'இந்நிலையில் நான் எரியலாகாது' என்று அது மறுக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. ஏன் மறுக்கிறது என்பதைக் கண்டறியும் முறையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மின்சாரக் கீசரைப் போல் இதனுள்ளே தண்ணீர்த் தொட்டி கிடையாது. மெல்லிய செப்புக் குழாய் ஒன்று தீயின்மேல் வளைந்து செல்கிறது. அதனுள் ஓடும் நீர் ஓடும்போதே சூடேறுகிறது. நீர் ஓடாமல் தீ மட்டும் எரிந்தால் என்ன ஆகும்? குழாயில் தங்கிய நீர் ஆவியாகும். குழாய் வெடிக்கவும் கூடும். ஆகவே முதற் காவலை நீரின் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது. நீர் விசையுடன் ஓடும்போது தகட்டின் இரு புறமும் அழுத்தம் வேறுபடும். தகடு வளைந்து ஒரு சிறு கம்பியைத் தள்ளும். கம்பி ஸ்விட்சை இயக்கும். தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, வேகத்துடன் வர வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பத்து மீட்டர் உயர நீர்த்தூண் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும் என்று படித்திருப்பீர்கள். மாடித் தொட்டி கீசருக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறதென்றால், கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கே. சில கருவிகளுக்கு அது போதாது. உயரம் போதுமானதாயின், நீர் நுழையும் இடத்திலுள்ள வலையைக் கழற்றிப் பாருங்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் மணலும் சுண்ணாம்பும் வந்து அடைத்திருக்கும். பாஸ்கல் விதியைப் பிழையின்றி எழுதும் மாணவர்கள் பலர், ஒரு குழாய் வலையைத் திறந்து பார்த்ததே இல்லை! குளிர்நாடுகளில் நீச்சற்குளத்து நீரைச் சூடேற்றும் பெரிய இயந்திரங்களிலும் இதே காவல் உண்டு. அங்கே வடிகட்டி அடைத்து நீரோட்டம் குறைந்தால் தீ பற்றாது.

அடுத்தது பொறி. நீர் ஓடியதும் 'டிக் டிக்' என்ற ஒலி கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் பாட்டரிகளைப் பாருங்கள். இத்தகைய கருவிகள் பலவற்றில் 1.5 வோல்ட்டுப் பெரிய பாட்டரிகள் இரண்டு இருக்கும். ஒலி கேட்டாலும் நம்பி விடலாகாது. பொறி எழுப்புவதோடு வாயு வழியைத் திறப்பதும் அவற்றின் வேலையே. சோர்ந்த பாட்டரி முன்னதைச் செய்து பின்னதில் தோற்கும்.

பொறி பறந்தும் பற்றாவிடின் சிலிண்டர், ரெகுலேட்டர், ரப்பர்க் குழாய் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். புதுச் சிலிண்டர் மாட்டியவுடன் குழாயிலே காற்று இருப்பதால் இரண்டு மூன்று முறை முயல நேரும். ஒவ்வொரு முயற்சிக்குமிடையே சற்றுப் பொறுங்கள். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரு மடங்கு கனமானவை; கசிந்த வாயு தரையோடு தங்கும். வாடை வந்தால் முயற்சியே கூடாது. சிலிண்டரை மூடிச் சன்னல்களைத் திறவுங்கள். மின் ஸ்விட்சு எதனையும் தொடாதீர்கள்.

பற்றிச் சில நொடிகளில் அணைவது வேறு வகை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தீச்சுடருக்குள் அயனிகள் இருப்பதால் அது மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். சுடரில் நீட்டிய ஒரு கம்பி வழியே சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால்தான் கருவி 'தீ உண்டு' என்று நம்பும். இல்லையேல் வாயுவை நிறுத்திவிடும். கம்பியில் கரி படிந்தாலும் இடம் பிசகினாலும் எரியும் தீயை அது காணாது. பழைய கருவிகளில் இப்பணியை வெப்ப மின்னிரட்டை செய்தது. அதன் அடிப்படையை சீபெக் 1821இல் கண்டார்.

எங்கள் தெருவில் கல்லூரி மாணவர் ஒருவர், நீர் ஸ்விட்சின் இரு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிக் கீசரை எரியச் செய்துவிட்டார். கெட்டிக்காரர்தாம். "தம்பி, குழாயை மூடினால் இனித் தீயை அணைப்பது யார்?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்தார். தாமே முறுக்கைப் பிரித்தார். பிறகு வலையைக் கழற்றினோம். ஒரு தேக்கரண்டி மணல் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவ்வாயு ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 முதல் 31 பங்கு காற்று தேவை. கதவடைத்த குளியலறைக்குள்ளேயே கீசர் எரிந்தால் காற்றுக் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றிக்கொள்ளும். குளிக்கச் சென்றவர் கதவு திறவாமலே மாண்ட செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். காற்றுக் குறைவை உணர்ந்து அணைந்துவிடும் காவல் சில கருவிகளில் உண்டு. அவ்வகைக் கீசர் அடிக்கடி அணைந்தால் அறையையும் சந்தேகிக்க வேண்டும். கீசர் இருக்க வேண்டிய இடம் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடம்.

தீ பற்றியபின் அதன் நிறத்தையும் பாருங்கள். நீலமாயின் நன்று. மஞ்சளாகப் புகைந்தால் எரிமுனையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கலாம். கருவியை நிறுத்தி, தேர்ந்த பணியாளரை அழையுங்கள். அவர் வரும்வரை, அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சிய வெந்நீரே போதும்.